கணக்கு பீரியடில் கவனம் ஏன் கலைகிறது? பாட்டும் வீடியோவும் மட்டும் போதுமா?

மதியச் சாப்பாடு முடிந்து வரும் முதல் பீரியட். ஒன்பதாம் வகுப்பு, கணக்குப் பாடம். முதல் இரண்டு பெஞ்ச் போர்டைப் பார்க்கிறது. நடு பெஞ்ச் போர்டில் இருப்பதை அப்படியே நோட்டில் இறக்குகிறது. கடைசி பெஞ்ச் மணி எப்போ அடிக்கும் என்று காத்திருக்கிறது. கடலூர் ஓ.டி.யாக இருந்தாலும் சரி, சிதம்பரம் மேல வீதிப் பக்கமாக இருந்தாலும் சரி, பள்ளிக்கூடம் போனவர்கள் யாருக்கும் இந்தக் காட்சி புதுசில்லை.

"பசங்க கவனிக்கிறதே இல்ல" என்பது ஆசிரியர்களின் புகார். "மிஸ் நடத்துறது புரியல" என்பது பசங்களின் புகார். இரண்டுக்கும் சேர்த்து இப்போது எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்றுதான்: கற்பிக்கும் முறையை மாத்துங்க. பாட்டு, பொம்மலாட்டம், ஸ்மார்ட் போர்டில் வீடியோ, குழு விளையாட்டு, வினாடி வினா என்று பட்டியல் நீள்கிறது.

இதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் எது மாற வேண்டும் என்பதில்தான் குழப்பம். வகுப்பில் ஆசிரியர் செய்யும் வேலை மட்டும் மாறினால், பசங்க பத்து நிமிஷம் வேடிக்கை பார்ப்பார்கள். அதன் பிறகு பழைய கதைதான். பசங்க செய்யும் வேலை மாறினால் மட்டுமே கவனம் நிற்கும் என்பது என் கருத்து. அதற்குத் தேவையான சரக்கு கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் 45 கிலோமீட்டருக்குள்ளேயே நிறைய கிடக்கிறது.

அமைதியா இருந்தா கவனிக்கிறாங்கன்னு அர்த்தமா?

நடு பெஞ்சை மறுபடி பாருங்கள். சத்தமே இல்லை. கை ஓடிக்கொண்டே இருக்கிறது. யாராவது அதிகாரி ஆய்வுக்கு வந்தால் இதைத்தான் 'நல்ல வகுப்பு' என்று எழுதிவிட்டுப் போவார். ஆனால் அந்தக் கைக்கும் மூளைக்கும் அந்த நேரத்தில் தொடர்பு கம்மி. போர்டில் இருக்கும் x நோட்டிலும் x ஆகிறது, அவ்வளவுதான்.

கவனம் கலைவதற்குப் பெரிய காரணம் போரடிப்பது இல்லை. நடப்பது புரியாமல் போவது. 'அசர்' அமைப்பின் 2024 அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 30.7% பேர். மற்றவர்களும் ஆறாம் வகுப்புக்கு வருகிறார்கள், எட்டுக்கு வருகிறார்கள். வகுத்தலே கை வராத பிள்ளைக்கு முன்னால் இயற்கணிதத்தை வைத்து, மேலே பாட்டுப் பாடினாலும் வீடியோ போட்டாலும் அந்தப் பிள்ளையின் கண் ஜன்னல் பக்கம்தான் போகும். அதை ஒழுங்கீனம் என்று சொல்ல எனக்கு மனசு வரலை.

தமிழ்நாடு இதை முயற்சி பண்ணலையா?

நிறையவே பண்ணியிருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி.விஜயகுமார் முன்னெடுத்த செயல்வழிக் கற்றல் இதில் முக்கியமானது. ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளியில் உருவான முறையைப் பார்த்து எடுத்துக்கொண்டது. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். சுவரின் கீழ்ப் பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டைகளை எடுத்து, ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு படியாக ஏறியது. 2007-08-ல் மாநிலம் முழுக்கப் போனது.

பிறகு கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை வாரியாகப் பிரித்துப் பாடம். அதே ஆண்டு நவம்பரில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலையும் கணக்கையும் செய்து பார்க்க 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது.

இவற்றில் எனக்குப் பிடித்த விஷயம், பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்குவது. பிடிக்காத விஷயம், எந்த நல்ல முறையும் நம் ஊரில் சீக்கிரமே ஒரு பதிவேடாக மாறிவிடுவது. அட்டை எடுத்தாச்சா, டிக் பண்ணியாச்சா, போட்டோ எடுத்து ஏத்தியாச்சா என்பதில் போய் நின்றுவிடும். இன்னொன்று, இந்த முயற்சிகளின் கனம் முழுக்கக் கீழ் வகுப்புகளில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பாட்டு, பாய், அட்டை எல்லாம் போய்விடும். மிச்சம் இருப்பது போர்ஷன்.

அண்ணாமலை நகரில் இருந்த ஒரு கணக்கு வாத்தியார்

சரி, பசங்களோட வேலையை மாற்றுவது என்றால் எப்படி? ஒரு உதாரணம்.

எட்டாம் வகுப்பில் வர்க்க எண்கள் வரும். 1, 4, 9, 16, 25... வழக்கமாக என்ன நடக்கும்? இருபது வரை வர்க்கத்தை மனப்பாடம் பண்ணு, நாளைக்குக் கேட்பேன். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைப் போர்டில் எழுதிப் பாருங்கள்: 'வர்க்க எண்களை மட்டும் கூட்டி 1 முதல் 30 வரை எல்லா எண்ணையும் உருவாக்க முடியுமா? ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எத்தனை வர்க்கம் தேவை?'

5 என்றால் 4+1, இரண்டு போதும். 6 என்றால் 4+1+1, மூன்று. 7-க்கு 4+1+1+1, நான்கு வேணும். கொஞ்ச நேரத்தில் வகுப்பில் சண்டை வரும். "15-க்கு மூணு போதும்டா", "இல்ல, போட்டுக் காட்டு பார்ப்போம்" என்று. 7, 15, 23, 28 ஆகிய நான்கும் அடம்பிடிக்கும் எண்கள், நான்குக்குக் குறைந்து வராது. ஐந்து வர்க்கம் கேட்கும் எண் ஒன்றாவது உண்டா என்று தேடச் சொன்னால் கடைசி பெஞ்சும் எட்டிப் பார்க்கும். கிடைக்காது. எந்த எண்ணுக்கும் நான்கு போதும் என்று 1770-லேயே லக்ராஞ்ச் நிரூபித்துவிட்டார். ஆனால் பதிலை முதலில் சொல்லிவிடக் கூடாது. தேடட்டும். தேடும்போது ஒவ்வொரு பிள்ளையும் நாற்பது, ஐம்பது தடவை வர்க்க எண்ணைக் கூட்டிப் பார்த்திருக்கும். மனப்பாடம் அதுவாகவே நடந்திருக்கும்.

இந்தக் கேள்விக்கும் சிதம்பரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. வர்க்கத்துக்குப் பதில் கனம், நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு என்று போனால் எத்தனை எண்கள் தேவைப்படும் என்பது 'வாரிங் கணக்கு' என்ற புகழ்பெற்ற புதிர். அதில் பெரிய வேலை செய்தவர்களில் ஒருவர் எஸ்.சிவசங்கரநாராயண பிள்ளை. தென்காசிப் பக்கம் வல்லத்தில் 1901-ல் பிறந்தவர், 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். ஆறாம் அடுக்குகளுக்கு விடை 73 என்று 1940-ல் நிரூபித்தார்.

73 எங்கிருந்து வருகிறது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுப் பார்க்கலாம். 703 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1-ன் ஆறாம் அடுக்கு 1. 2-ன் ஆறாம் அடுக்கு 64. 3-ன் ஆறாம் அடுக்கு 729, அது 703-ஐ விடப் பெரிசு, ஆகவே உதவாது. பத்து 64 சேர்ந்தால் 640. மீதி 63-ஐ ஒன்று ஒன்றாகத்தான் நிரப்ப வேண்டும். 10+63=73. வேறு எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று காட்டியதுதான் கஷ்டமான பகுதி, பிள்ளை செய்தது அதை.

1950-ல் சர்வதேசக் கணித மாநாட்டுக்காக அமெரிக்கா போகும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். ராமானுஜன் பெயர் தெரிந்த சிதம்பரம் மாணவர்களில் எத்தனை பேருக்கு, தங்கள் ஊர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்த பிள்ளையைத் தெரியும்?

பொன்னம்பலத்தில் ஒரு வகுத்தல் கணக்கு

ஆறாம் வகுப்புக்கு இன்னொன்று. சிதம்பரம் நடராஜர் கோயில் பொற்கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்பது ஊரில் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. ஒரு மனிதர் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை அது என்பார்கள். கேட்டுவிட்டுத் தலையாட்டிப் போகாமல், சரிபார்க்கச் சொல்லலாமே?

21,600-ஐ 24-ஆல் வகுத்தால் 900. அதை 60-ஆல் வகுத்தால் 15. ஆக, நிமிடத்துக்கு 15 மூச்சு. இப்போது கடிகாரத்தைப் பார்த்து எல்லோரும் ஒரு நிமிடம் தங்கள் மூச்சை எண்ணட்டும். ஒருத்தருக்கு 18 வரும், இன்னொருத்தருக்கு 22 வரும். 22 என்றால் ஒரு நாளைக்கு 31,680. உடனே ஒரு குரல் வரும்: "அப்போ கோயில் கணக்கு தப்பா மிஸ்?"

இந்தக் கேள்விதான் அந்த வகுப்பின் லாபம். சின்னப் பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுவார்கள். ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை என்பது மருத்துவம் சொல்லும் அளவு, 15 அதற்குள் அடங்குகிறது. மைதானத்தில் ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து எண்ணினால்? வகுப்பின் சராசரி எவ்வளவு? வீட்டில் தாத்தா, பாட்டிக்கு எண்ணிக்கொண்டு வந்தால்? வகுத்தல், பெருக்கல், சராசரி, பட்டை வரைபடம் என நான்கு பாடங்கள் ஒரே மூச்சில் வந்துவிடும். கோயிலுக்குப் போகாத வீட்டுப் பிள்ளைக்கும் இதில் அதே அளவு வேலை இருக்கிறது.

மார்கழியில் கோலத்தையும் இப்படி எடுக்கலாம். நேர்ப்புள்ளிக் கோலத்தில் 7 புள்ளி, 1-ல் நிறுத்தம் என்றால் 1+3+5+7+5+3+1, மொத்தம் 25 புள்ளிகள். 9 புள்ளி என்றால் 41. 25 என்பது 16+9, 41 என்பது 25+16. ஏன் எப்போதும் அடுத்தடுத்த இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக வருகிறது? பத்தாம் வகுப்பின் ஒற்றை எண் தொடர் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது. 1970-களில் சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி குழு கோலத்தை வைத்து ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறது.

ஒரு கொசுறு. பழைய தமிழ்க் கணக்கில் 1/320-க்குப் பெயர் முந்திரி. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, ஐந்து மா ஒரு கால். பண்ருட்டி முந்திரி தின்றே வளரும் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் பின்னத்தை இங்கிருந்து ஆரம்பித்தால் சிரித்துக்கொண்டாவது கேட்பார்கள்.

மீன் மார்க்கெட்டில் வரும் கணக்கு, வகுப்பில் வராதது ஏன்?

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. 'வாழ்க்கையோடு தொடர்புபடுத்தி நடத்துங்க' என்பது இப்போது எல்லாப் பயிற்சிக் கூட்டத்திலும் சொல்லப்படும் வசனம். அது தானாக வேலை செய்யாது.

கடலூர் துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கும் வீட்டுப் பிள்ளையிடம், கிலோ 240 ரூபாய் மீன் முக்கால் கிலோ எவ்வளவு என்று கேளுங்கள். அரை கிலோ 120, கால் கிலோ 60, மொத்தம் 180 என்று யோசிக்காமல் சொல்லும். அதே பிள்ளையிடம் 240 × 0.75 என்று எழுதிக் காட்டினால் பேனாவைக் கடிக்கும்.

இது என் ஊகம் இல்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2025-ல் 'நேச்சர்' இதழில் வந்தது. கடையில் சிக்கலான கணக்கை மனசிலேயே போடும் பிள்ளைகள், பள்ளிக்கூட வடிவில் வந்த எளிய கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பக்கம் நேர் எதிர். தாளில் சரியாகப் போடுவதைக் கடைக் கணக்கில் போட முடியவில்லை.

அதனால் வகுப்பில் ஒரு பொம்மைக் கடை வைத்து விளையாடினால் மட்டும் போதாது. அந்தப் பிள்ளை மனசில் போட்ட அரையும் காலும்தான் 0.5-ம் 0.25-ம் என்று போர்டில் எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டணும். "நீ ஏற்கெனவே போட்ட கணக்குதான் இது" என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியணும். பாலம் போடும் இந்த ஐந்து நிமிஷத்தைத்தான் பல வகுப்புகளில் விட்டுவிடுகிறார்கள். விளையாட்டு முடிந்ததும் மணி அடித்துவிடும்.

காசு செலவில்லாத இரண்டு விஷயம்

முதலாவது, காத்திருப்பது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் பொறுப்பார்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். சராசரி ஒரு விநாடி. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். நம் வகுப்புகளில் கேள்வி முடிவதற்குள் முதல் பெஞ்சில் நான்கு கை தூக்கிவிடும். மற்றவர்கள் யோசிப்பதை அங்கேயே நிறுத்திவிடுவார்கள், எப்படியும் அவன்தானே சொல்லப்போறான்! கை தூக்கக் கூடாது, எல்லோரும் நோட்டில் எழுதிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரோடு சரிபாருங்கள் என்று சொன்னால் ஐம்பது பேருக்கும் வேலை வரும்.

இரண்டாவது, பயிற்சிக் கணக்கைக் கலந்து கொடுப்பது. ஒரே மாதிரிக் கணக்கு இருபது போடும்போது மூன்றாவதுக்கு மேல் மூளை தூங்கிவிடும், சூத்திரத்தில் எண்ணை மாற்றினால் போதும். சதவீதம், பரப்பளவு, விகிதம் என்று மாறி மாறி வந்தால், 'இது எந்தக் கணக்கு?' என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கணும். ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் ரோரர் குழு செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வில், கலந்து பயிற்சி செய்தவர்கள் ஒரு மாதம் கழித்து நடந்த தேர்வில் 61% எடுத்தார்கள். வரிசையாகச் செய்தவர்கள் 38%. பயிற்சி நேரத்தில் கலவைக் கணக்கு கஷ்டமாக இருக்கும், பசங்க முணுமுணுப்பார்கள். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடலாம். 'இந்தப் பிள்ளை பார்த்துக் கற்கும், அந்தப் பிள்ளை கேட்டுக் கற்கும்' என்று பிரித்து, அதற்கேற்றபடி நடத்தச் சொல்லும் பயிற்சிகள். இதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று உளவியலாளர்கள் 2008-லேயே அலசி எழுதிவிட்டார்கள். அந்த நேரத்துக்கு வகுத்தல் சொல்லித் தரலாம்.

அப்போ தடுப்பது எது?

மழை. ஆமாம், கடலூர் மாவட்டத்தில் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசும்போது மழையைப் பேசாமல் முடியாது. 2011 தானே, 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் ஆகியவை பெயர் சொல்லும் பெரியவை. இவை இல்லாத வருஷத்திலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை விடுமுறை வந்துகொண்டே இருக்கும். சரியாக அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால். இழந்த நாளுக்குச் சனிக்கிழமை வகுப்பு வைப்பார்கள், ஆனால் அதில் மூச்சை எண்ணவோ கோலம் போடவோ எந்த ஆசிரியருக்கும் துணிச்சல் வராது. மூன்று பாடத்தை ஒரே நாளில் ஓட்டுவார். போதாக்குறைக்கு எமிஸ் பதிவு வேலை வேறு.

பத்தாம் வகுப்பில் இன்னொரு கணக்கு ஓடும். 100 மதிப்பெண் தாளில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. பாஸ் 35. வகுத்தலே வராத பிள்ளைக்கு இந்த 16-ஐயும் சில ஒரு மதிப்பெண் வினாக்களையும் தேய்த்துத் தேய்த்துப் பழக்கினால் கரை சேர்க்கலாம். அப்படிக் கரை சேர்க்கும் ஆசிரியர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பிள்ளை ஃபெயிலானால் மீன்பிடிப் படகுக்கோ, திருப்பூர் கம்பெனிக்கோ போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மார்ச்சில் செய்ய வேண்டிய அவசர சிகிச்சையை ஜூனிலேயே ஆரம்பித்தால், அந்தப் பிள்ளைக்கு வருஷம் முழுக்கக் கணக்கு என்பது புரியாத கோடுகளை அளவு மாறாமல் வரைவது மட்டும்தான்.

பள்ளிக் கல்வித் துறை செய்ய வேண்டியது, மழை மாவட்டங்களுக்கென்று கணக்குப் போர்ஷனை வேறு மாதிரி அடுக்குவது. யோசிக்க நேரம் கேட்கும் பாடங்கள் ஜூன் முதல் செப்டம்பருக்குள் வரட்டும். வீட்டிலிருந்தே பயிற்சி செய்யக்கூடியவை மழை மாதங்களுக்குப் போகட்டும். நவம்பரில் எப்படியும் பள்ளி மூடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அட்டவணைக்கு மட்டும் அது தெரியாமல் இருக்கிறது.

உள்ளூரில் செய்ய முடிந்ததும் இருக்கிறது. வடலூரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறை இருக்கிறது. பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளிகளுக்குப் போகும்போது கையில் என்ன கொண்டுபோகிறார்கள்? சார்ட், தெர்மாகோல் மாடல், ரெக்கார்ட் நோட்டு. மாடலை மேஜையில் வைத்து, போட்டோ எடுத்து, ரெக்கார்டில் ஒட்டி, மார்க் வாங்கியதும் அது ஸ்டாஃப் ரூம் பீரோ மேல் ஏறிவிடும். அதற்குப் பதில், ஒவ்வொருவரும் 703 மாதிரி, 21,600 மாதிரி ஒரே ஒரு கேள்வியோடு வகுப்புக்குப் போகட்டும். அதற்கு முப்பது பிள்ளைகள் எழுதிய முப்பது பதிலையும், தப்பான வழிகள் உட்பட, ரெக்கார்டில் ஒட்டட்டும். மதிப்பெண்ணை அதற்குப் போடலாம்.